ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நம்மவர்கள் பலர் பிடிக்காத வேலையிலேயே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கக் காரணம் பயம். "வேலையை விட்டால் விசா போய்விடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில சமயம் மேலாளரே அப்படிச் சொல்லி வைத்திருப்பார். அது உண்மையில்லை. உங்கள் பையிலிருக்கும் ரெசிடென்ஸ் கார்டு குடிவரவுத் துறை உங்கள் பெயரில் கொடுத்தது. அதில் அச்சாகியிருக்கும் தேதியை உங்கள் நிறுவனம் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது.

ஆனால் வேலை மாறுவதில் ஒரு வரிசை இருக்கிறது. எந்தக் காகிதம் முதலில், எந்த அலுவலகத்துக்கு எத்தனை நாளுக்குள் என்பது தவறினால் பணமும் போகும், நிம்மதியும் போகும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். வேலை விசாவில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. ஜப்பானியரின் துணைவர் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் வேலை வகையில் கட்டுப்பாடு கிடையாது, முதல் படியைத் தாண்டிப் படிக்கலாம்.

படி 1: உங்கள் விசா எந்த வேலையை அனுமதிக்கிறது என்று பாருங்கள்

மொழி ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வகைதான். தொடக்கப் பள்ளி, நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கு 'இன்ஸ்ட்ரக்டர்', அதாவது கார்டில் 'கியோஇகு' என்று இருப்பது. எய்காய்வா எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகளிலும் நிறுவன ஊழியர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கு, ஆசிரியர்கள் சுருக்கமாக 'ஹியூமானிட்டீஸ்' என்று சொல்லும் வகை. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு 'ப்ரொஃபஸர்'.

ஒரே வகைக்குள் மாறினால், உதாரணமாக ஒரு எய்காய்வாவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், புது விசா தேவையில்லை. அறிவிப்பு மட்டும் போதும். அதைப் பின்னால் சொல்கிறேன். பள்ளியிலிருந்து எய்காய்வாவுக்கோ, எய்காய்வாவிலிருந்து பள்ளிக்கோ போனால் விசா வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் புது வேலையில் கால் வைக்கலாம். "விண்ணப்பம் போட்டுவிட்டோமே, வகுப்பைத் தொடங்குங்கள்" என்று புது முதலாளி சொன்னாலும் கேட்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் பதிவேட்டிலும் அது நிற்கும். பரிசீலனை வாரக்கணக்கில் ஆகும், மார்ச், ஏப்ரல் நெரிசலில் இன்னும் இழுக்கும்.

புது வேலை உங்கள் விசாவுக்குள் வருமா என்பது சந்தேகமாக இருந்தால் குடிவரவு அலுவலகத்தில் 'ஷூரோ ஷிகாகு ஷோமெய்ஷோ' என்ற சான்று வாங்கலாம். கட்டாயமில்லை. ஆனால் விசா முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது வேலை மாறுகிறவர்களுக்கு இதை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். புது வேலையை இப்போதே பார்த்து ஒப்புக்கொண்டுவிடுவதால், அடுத்த புதுப்பிப்பின்போது திடீர்க் கேள்விகள் குறையும்.

பகுதிநேர வேலைக்கும் இதே கணக்குதான். இன்ஸ்ட்ரக்டர் விசாவில் இருந்துகொண்டு சனிக்கிழமை எய்காய்வாவில் வகுப்பெடுக்க 'ஷிகாகுகய் கட்சுதோ' அனுமதி, அதாவது விசா வகைக்கு வெளியே உள்ள வேலைக்கான அனுமதி வாங்க வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பள்ளிகளில் ஏஎல்டி, அதாவது உதவி மொழி ஆசிரியர் வேலைக்கு இன்ஸ்ட்ரக்டர் விசா கேட்கும்போது, எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த மொழியில் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கில வழியில் படித்தவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் "பயிற்று மொழி ஆங்கிலம்" என்று எழுதிய சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கடிதம் வந்து சேர மாதங்கள் ஆகலாம் என்பதால், வேலை தேடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்தக் கதவு இறுகலானது. அவர்கள் ஹியூமானிட்டீஸ் விசா வழியைப் பார்ப்பது நல்லது. மொழி கற்பிக்கும் வேலைக்கு அங்கே பட்டம் இருந்தால் முன் அனுபவம் கேட்கும் விதியிலிருந்து விலக்கு உண்டு.

இடையில் வேலையில்லாமல் இருந்தால்? நியாயமான காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் விசாவுக்குரிய வேலையைச் செய்யாமல் இருந்தால் விசாவை ரத்து செய்ய முடியும் என்று சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டுத்தான் பலர் நடுங்குகிறார்கள். ஆனால் வேறு வேலைக்கு உண்மையாகவே முயன்றுகொண்டிருப்பது நியாயமான காரணமாக ஏற்கப்படுகிறது. அதனால் அனுப்பிய விண்ணப்பங்கள், நேர்காணல் மின்னஞ்சல்கள், ஹலோ வொர்க் எனப்படும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்த பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

படி 2: எந்த மாதிரி வேலைக்குப் போகிறீர்கள்

சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு வேலை மாறுகிறவர்கள் பிறகு வருந்துவது பெரும்பாலும் நேரத்தை எண்ணித்தான். ஏஎல்டியின் நாள் காலை எட்டேகாலுக்குத் தொடங்கி நாலரைக்குள் முடியும். சனி, ஞாயிறு விடுமுறை. எய்காய்வாவில் மாணவர்கள் பள்ளியும் அலுவலகமும் முடித்து வருவார்கள், ஆகவே வேலை மதியம் தொடங்கி இரவு ஒன்பது வரை ஓடும். சனிக்கிழமைதான் அங்கே அதிகக் கூட்டம். வார விடுமுறை ஞாயிறு, திங்கள் என்று விழும். வீட்டில் பள்ளி போகும் குழந்தை இருந்தால், எய்காய்வாவுக்கு மாறியபின் வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் அதன் முகத்தை நிதானமாகப் பார்க்க முடியும். தனியாக இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி அடிக்கும். நண்பர்கள் ஓய்வாக இருக்கும்போது நீங்கள் வகுப்பில், நீங்கள் ஓய்வாக இருக்கும்போது எல்லோரும் அலுவலகத்தில்.

பள்ளியில் இன்னொரு அன்றாடப் பிரச்சினை கியூஷோகு எனப்படும் மதிய உணவு. தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து அதையே சாப்பிடுவார்கள். சைவர்களுக்கு அது சிரமம். காய்கறிக் குழம்பு என்று தோன்றுவதிலும் மீன் சாறு இருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று அனுமதி கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் தட்டில் மிச்சம் வைத்துக்கொண்டே போவதுதான் தவறாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஏஎல்டி வேலையிலேயே பல ரகம். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987இல் தொடங்கிய ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் வருபவர்கள் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கலாம். 2011இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கில நடவடிக்கைகள் கட்டாயமாகின. 2020இல் அதுவே முறையான பாடமாகி, மூன்று, நான்காம் வகுப்புகளுக்கும் நடவடிக்கைகள் இறங்கின. ஆள் தேவை கூடியது. அந்தத் தேவையில் பெரும்பங்கை ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன.

இதில் நகராட்சி கல்வி வாரியம் நேரடியாக வேலைக்கு எடுத்தால் சம்பளமும் காப்பீடும் பொதுவாக நன்றாக இருக்கும். 'ஹகென்' என்ற முறையில் நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்துப் பள்ளிக்கு அனுப்பும், பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். 'கியோமு இதாகு' என்ற ஒப்பந்த வேலை முறையில் பள்ளி ஆசிரியர் நேரடியாக உங்களுக்கு உத்தரவிடக் கூடாது, எல்லாம் நிறுவனம் வழியாகத்தான். ஒரே வகுப்பறையில் நின்றுகொண்டு பக்கத்திலிருப்பவரோடு பாடத்தைத் திட்டமிட முடியாத நிலை அது. கற்பிப்பதில் அக்கறை உள்ளவர்களுக்கு அது பெரிய மனவேதனை. முடிந்தவரை நேரடி நியமனத்தைத் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து.

நேரடி நியமனத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. தனியார் வேலையில் ஒரே முதலாளியிடம் குறித்த கால ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டு மொத்தம் ஐந்து வருடத்தைத் தாண்டினால், காலவரம்பில்லாத ஒப்பந்தமாக மாற்றக் கேட்கும் உரிமை 2013 முதல் உண்டு. நகராட்சியின் நேரடி ஊழியர்கள் 2020 ஏப்ரலிலிருந்து 'கய்கெய் நெந்தோ' முறையில், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் இந்த ஐந்து வருட உரிமை அவர்களுக்குக் கிடையாது. நல்ல சம்பளம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நிச்சயமின்மை. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தனியார் பள்ளியில் முழு ஆசிரியராக வேண்டுமென்றால், மாவட்டக் கல்வி வாரியம் வழங்கும் சிறப்பு உரிமச் சான்று ஒரு வழி. அதற்குப் பள்ளியே உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முதுகலைப் பட்டமும் வெளியான கட்டுரைகளும் வேண்டும். பகுதிநேரத்தில் தொடங்கி மேலே போவதுதான் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேல், ஜப்பானிய மொழி. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலை எட்டியவர்களுக்குத் திறக்கும் கதவுகள் வேறு.

படி 3: எப்போது, எங்கே தேடுவது

ஜப்பானின் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் வேலைகளுக்கான தேர்வு இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்து பிப்ரவரி வரை போகும். மார்ச்சில் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ கடைசி நேரத்தில் விட்டுப்போன இடங்கள். எய்காய்வாக்களுக்குப் பருவமில்லை, வருடம் முழுக்க எடுப்பார்கள்.

கைஜின்பாட் தளத்தில் பள்ளி, எய்காய்வா வேலைகள் வரும். பல்கலைக்கழக வேலைகளுக்கு ஜேரெக்-இன் தளம். மொழி ஆசிரியர் சங்கமான ஜால்ட்டின் உள்ளூர்க் கூட்டங்களுக்குப் போங்கள். வேலைக்காக மட்டும் என்றில்லை, தனியாக ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருப்பவர்களுக்குத் தொழில் பேச ஆள் கிடைப்பதே பெரிது. டோக்கியோ, நகோயா, ஒசாகா, ஃபுகுவோகாவில் வெளிநாட்டவருக்கென்றே அரசின் வேலைவாய்ப்பு மையங்கள் இருக்கின்றன.

விண்ணப்பத்தோடு ரிரெகிஷோ என்ற ஜப்பானிய வடிவ சுயவிவரமும் கேட்பார்கள், புகைப்படம் ஒட்டியது. கல்வி, வேலை எல்லாம் மாதம், வருடம் சரியாக இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் எழுதிய தேதிகளோடு இது ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒரு பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

"தாய்மொழியாளர் மட்டும்" என்று போடும் விளம்பரங்கள் நம்மைத் தடுக்கும். அது வலிக்கும், நியாயமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு சட்டத்தில் இடமில்லை, விதி கேட்பது நான் மேலே சொன்ன 12 ஆண்டுக் கல்வியைத்தான். ஆகவே விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே "என் பள்ளி, கல்லூரிப் படிப்பு முழுவதும் ஆங்கில வழி, சான்று இணைத்திருக்கிறேன், விசா முடிய இத்தனை காலம் இருக்கிறது" என்று நேராக எழுதுங்கள். நிறுவனத்தின் தயக்கம் பல நேரம் உங்கள் உச்சரிப்பைப் பற்றியதே அல்ல, விசா கிடைக்குமா என்பதைப் பற்றியது. அந்தச் சந்தேகத்தை நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி மாதிரி வகுப்பு. நேர்காணலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்வார்கள். அதில் நீங்கள் பேசுவதைவிட எதிரிலிருப்பவர்களைப் பேச வைத்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கிராமப்புற வேலைகளில் கார் ஓட்ட வேண்டியிருக்கும். நம் ஊரில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். அதற்குள் ஜப்பானிய உரிமம் எடுக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, வெளிநாட்டு உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றுவதற்கான எழுத்துத் தேர்வில் 10 கேள்விகளுக்குப் பதில் 50 கேள்விகள், தேற 90 சதவீதம் வேண்டும்.

படி 4: வேலை உத்தரவைப் படிப்பது

வாய்வார்த்தையை நம்பி வேலையை விடாதீர்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது முதலாளியின் சட்டப்படியான கடமை. அந்தத் தாளின் பெயர் 'ரோதோ ஜோகென் ட்சூசிஷோ'. அது கையில் வரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது சம்பள எண் அல்ல, அது எத்தனை மாதத்துக்கு முழுசாக வரும் என்பது. சில ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பள்ளி விடுமுறை இருக்கும் ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் சம்பளத்தைக் குறைக்கும். பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து வார மணி நேரம். 29.5 என்று இருந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். ஊழியரை நிறுவனக் காப்பீட்டில் சேர்க்காமல் இருப்பதற்காகவே வெகுகாலம் புழங்கிய எண் அது. இப்போது விதி மாறிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் பகுதிநேரக்காரர்களும், சம்பளம் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஷகாய் ஹோகெனில் சேர்க்கப்பட வேண்டும். அதில் உடல்நலக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்திருக்கும், தொகையில் பாதி முதலாளி கட்டுவார். "காப்பீடு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கைக்கு அதிகம் வரும்" என்று சொல்லும் நிறுவனம் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

நிறுவனத்தின் நிலைமையையும் விசாரியுங்கள். 2007 அக்டோபரில் நோவா என்ற மிகப் பெரிய எய்காய்வா சங்கிலி திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமும், நிறுவனம் கொடுத்த வீடும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். சம்பளம் தள்ளிப்போவதுதான் அன்றும் முதல் அறிகுறி. அப்படி நேர்ந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: திவாலான நிறுவனத்தின் பாக்கிச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், அரசு முன்னதாகத் தரும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகம்.

படி 5: ராஜினாமா

காலவரம்பில்லாத ஒப்பந்தமென்றால் சட்டப்படி இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும். ஒரு வருட ஒப்பந்தமென்றால், தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் நடுவில் விடுவது சிக்கலானது. முடிந்தால் ஒப்பந்தம் முடியும் நாளிலேயே விலகுங்கள். எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் நிறுவனம் கேட்கும் 30 அல்லது 60 நாள் அறிவிப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. ஆசிரியர் உலகம் சிறியது, அடுத்த நிறுவனம் பழைய இடத்துக்குத் தொலைபேசி போடும். அதைவிட முக்கியம், வருட நடுவில் ஆசிரியர் மாறினால் குழந்தைகள்தான் தடுமாறுவார்கள்.

"நடுவில் விட்டால் இவ்வளவு அபராதம்" என்று ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். தொழிலாளர் தரநிலைச் சட்டம் 16ஆம் பிரிவு அப்படி முன்கூட்டியே அபராதம் குறிப்பதைத் தடுக்கிறது. "மாற்று ஆள் பிடித்துக்கொடு" என்பதும் உங்கள் கடமை அல்ல.

மிச்சமிருக்கும் சம்பள விடுப்பை எடுத்து முடியுங்கள். ஆறு மாதம் முடித்த முழுநேர ஊழியருக்குக் குறைந்தது 10 நாள் உண்டு. விலகும் தேதிக்கு முன்னால் நீங்கள் எடுக்கும் விடுப்பை, அந்தத் தேதிக்கு அப்புறம் தள்ளிப்போட முதலாளிக்கு வழியில்லை.

வெளியேறும்போது கையோடு வாங்க வேண்டியவை: கென்சென் சோஷூஹ்யோ என்ற வருமான வரிச் சான்று, வேலையின்மைக் காப்பீட்டுக்கான ரிஷோகுஹ்யோ, காப்பீடு முடிந்ததற்கான சான்று, தைஷோகு ஷோமெய்ஷோ என்ற பணி விலகல் சான்று. கடைசியாகச் சொன்னதை நீங்கள் கேட்டால் முதலாளி தந்தே ஆக வேண்டும், விசா புதுப்பிக்கும்போது தேவைப்படும். ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில், பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் ஆய்வு அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொழிற்சங்கங்களும் இருக்கின்றன, ஒசாகாவில் ஜெனரல் யூனியன், டோக்கியோவில் தோசென்.

படி 6: வேலையை விடுமுன் வீடு

நிறுவனம் எடுத்துக்கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் இதை முதலில் முடிக்க வேண்டும். வேலை போகும் நாளில் வீடும் போகும். வேலையில்லாதவருக்கு வீடு கொடுக்க ஜப்பானில் யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள், வருமானச் சான்று கேட்பார்கள். ஆகவே பழைய வேலையின் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, அல்லது புது வேலை உத்தரவு வந்தவுடனே வீட்டைப் பிடியுங்கள். தனியார் வீடுகளில் முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும், திரும்பி வராத ரெய்கின், தரகர் கட்டணம், உத்தரவாத நிறுவனக் கட்டணம் என்று முதல் மாதமே பல மாத வாடகை போய்விடும். பொதுத்துறை நிறுவனமான யூஆரின் வீடுகளில் ரெய்கின், தரகு, உத்தரவாதம், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. முன்பணமும் வருமான நிபந்தனையும் மட்டும் உண்டு. முதலில் அங்கே பாருங்கள்.

வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் ரெசிடென்ஸ் கார்டில் புது முகவரி எழுதி வாங்க வேண்டும்.

படி 7: விலகும் தேதியும் காப்பீடும்

மார்ச் 30 அன்று விலகுவதா, 31 அன்று விலகுவதா? ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனால் பணத்தில் பெரிய வித்தியாசம். நிறுவனக் காப்பீடு விலகிய நாளுக்கு மறுநாள் முடிகிறது. எந்த மாதத்தில் முடிகிறதோ அந்த மாதத்துக்கு நிறுவனம் கட்டாது, அதற்கு முந்தைய மாதம் வரைதான். 31ஆம் தேதி விலகினால் காப்பீடு ஏப்ரல் 1இல் முடியும், மார்ச் மாதம் நிறுவனக் கணக்கில். 30ஆம் தேதி விலகினால் காப்பீடு மார்ச் 31இலேயே முடிந்துவிடும். மார்ச் முழு மாதத்துக்கும் தேசிய உடல்நலக் காப்பீட்டையும் தேசிய ஓய்வூதியத்தையும் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். சில ஒப்பந்தங்கள் மார்ச் 25, மார்ச் 30 என்று முடிவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம். கையெழுத்துப் போடும்போதே கடைசித் தேதியைப் பாருங்கள், முடிந்தால் மாதக் கடைசி நாளாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மார்ச் 31இல் விலகி ஏப்ரல் 1இல் புது வேலையில் சேர்ந்தால் இந்தப் படியின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. இடைவெளி இருந்தால் இரண்டு வழி. விலகிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தேசிய உடல்நலக் காப்பீட்டில் சேரலாம். அல்லது, குறைந்தது இரண்டு மாதம் நிறுவனக் காப்பீட்டில் இருந்திருந்தால், 20 நாளுக்குள் விண்ணப்பித்து அதையே இரண்டு வருடம் வரை தொடரலாம். இரண்டாவதில் முதலாளியின் பாதியையும் நீங்களே கட்ட வேண்டும். தேசியக் காப்பீட்டுத் தொகை போன வருட வருமானத்தைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறும். நகராட்சியில் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். நிறுவனம் உங்களை நீக்கியிருந்தால் போன வருடச் சம்பள வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் சலுகை உண்டு. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

அதே மேசையிலேயே தேசிய ஓய்வூதியத்துக்கும் மாறிக்கொள்ளலாம். 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். வேலை இழந்தவர்களுக்கு விலக்கு கேட்கும் படிவம் இருக்கிறது. கட்டாமல் விட்டுவிடுவதும் விலக்கு வாங்குவதும் ஒன்றல்ல, பின்னாளில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

குடியிருப்பு வரியையும் மறக்காதீர்கள். அது போன வருட வருமானத்துக்கு, இந்த வருட ஜூனிலிருந்து அடுத்த மே வரை பிடிக்கப்படுவது. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் விலகினால் மே வரையிலான பாக்கி மொத்தமும் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். மார்ச்சில் விலகும் ஆசிரியர்களுக்குக் கடைசிச் சம்பளம் திடுக்கென்று சிறுத்துப்போவது இதனால்தான். வீட்டு முன்பணத்துக்கு அந்தச் சம்பளத்தை நம்பியிருக்காதீர்கள்.

வேலையின்மைக் காப்பீட்டில் கடந்த இரண்டு வருடத்தில் 12 மாதம் கட்டியிருந்தால், தானாக விலகியவர்களுக்கும் உதவித்தொகை உண்டு. ரிஷோகுஹ்யோவை எடுத்துக்கொண்டு ஹலோ வொர்க்கில் பதிய வேண்டும். ஏழு நாள் காத்திருப்பு எல்லோருக்கும் பொது. தானாக விலகியவர்கள் அதற்கு மேல் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து அது ஒரு மாதமாகக் குறைந்திருக்கிறது. நீங்கள் புதுப்பிக்கக் கேட்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால் ஆறு மாதம் கட்டியிருந்தாலே போதும், அந்த ஒரு மாதக் காத்திருப்பும் இருக்காது. ஆகவே ரிஷோகுஹ்யோவில் விலகிய காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 8: 14 நாள் அறிவிப்பு

பழைய நிறுவனத்தை விட்டு விலகியதையும் புது நிறுவனத்தில் சேர்ந்ததையும், ஒவ்வொன்றும் நடந்த 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு நீங்களே அறிவிக்க வேண்டும். நிறுவனம் செய்துவிடும் என்று இருக்க வேண்டாம். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. இடைவெளி இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே தடவையில் அறிவித்துவிடலாம். தவறினால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அடுத்த புதுப்பிப்பில் நீளமான விசா கிடைப்பதற்கும் இந்த அறிவிப்பு கணக்கில் எடுக்கப்படும். மூன்று வருட விசாவை எதிர்பார்த்து ஒரு வருடம் கிடைத்தால் மறுபடி மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

படி 9: முதல் சம்பளச் சீட்டு

புது வேலையின் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் வரிவரியாகப் பாருங்கள். உடல்நலக் காப்பீடு, கோசெய் நென்கின் என்ற நிறுவன ஊழியர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, வருமான வரி, இந்த நான்கும் இருக்க வேண்டும். நென்கினும் உடல்நலக் காப்பீடும் ஒரு மாதம் தள்ளிப் பிடிக்கப்படுவது வழக்கம், இரண்டாவது மாதமும் இல்லையென்றால் கேளுங்கள். இடைவெளியில் தேசியக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், புதுக் காப்பீடு வந்ததும் நகராட்சிக்குப் போய் விலகியதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பணம் கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.

பழைய கென்சென் சோஷூஹ்யோவைப் புது நிறுவனத்திடம் கொடுத்தால் டிசம்பரில் ஆண்டு வரிக் கணக்கை அவர்களே முடித்துவிடுவார்கள். டிசம்பரில் வேலையில் இல்லாவிட்டால் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15க்குள் வரி அலுவலகத்தில் நீங்களே தாக்கல் செய்ய வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் பணம் திரும்பி வரும்.

ஒருவேளை வேலை மாறாமல் ஜப்பானையே விட்டுக் கிளம்புவதானால்

குறைந்தது ஆறு மாதம் ஓய்வூதியம் கட்டி, ஓய்வூதியம் பெறத் தேவையான 10 வருடத்தை எட்டாமல் கிளம்புகிறவர்கள், நாட்டை விட்ட இரண்டு வருடத்துக்குள் ஒரு தொகையைத் திரும்பக் கேட்கலாம். 2021 ஏப்ரலிலிருந்து ஐந்து வருடம் வரையிலான கட்டணம் கணக்கில் வருகிறது. கோசெய் நென்கின் தொகையில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். கிளம்பும் முன் ஜப்பானில் நம்பிக்கையான ஒருவரை வரிப் பிரதிநிதியாக வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போனால், அவர் வழியாக அந்த வரியைத் திரும்பக் கேட்க முடியும்.

இந்தியக் குடிமக்கள் இதைக் கேட்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இந்தியா, ஜப்பான் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியத் தகுதியைப் பார்க்கும்போது இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிட அது வழி செய்கிறது. தொகையைத் திரும்ப வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய அந்த வருடங்கள் அழிந்துவிடும், பிறகு எதிலும் சேராது. திரும்ப ஜப்பானுக்கு வரும் எண்ணம் இருந்தாலும், இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உள்ள வேலைக்குப் போவதாக இருந்தாலும், பணத்தைக் கேட்கும் முன் கட்டிய மாதங்களை ஓய்வூதிய அலுவலகத்தில் சரிபார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுக்க இரண்டு வருடம் இருக்கிறது.